என் பிள்ளையின் பெயரைக் கேட்ட நர்ஸ்

1998, ஐப்பசி மழை. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் என் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தான். ஆபரேஷன் மயக்கம் எனக்குத் தெளிவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. வார்டு முழுக்கப் பச்சைப்பிள்ளைகளின் அழுகைச் சத்தம். எனக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. சோறு இறங்கவில்லை. செத்தால் போதும் என்று கிடந்தேன்.

பார்க்க வந்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "விடு மதினி, அடுத்த வருசமே இன்னொண்ணு வந்துரும்" என்றாள் நாத்தனார். எங்கள் பங்குக் கோவிலிலிருந்து வந்த ஒரு அம்மா, "மோட்சத்துல தேவதூதருங்க கூட்டத்துல ஒரு சம்மனசு குறைஞ்சுச்சு போல" என்றார்.

"அப்ப உங்க வீட்டுப் பிள்ளையக் குடுத்துருக்கலாமே" என்றேன். அவர் செபமாலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கணவரோ வேன் ரிப்பேர், மழை, வத்தலக்குண்டு ரோடு என்று என்னென்னவோ பேசினார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒருவன் என் வயிற்றில் இருந்ததே பொய் என்பதுபோல.

அன்று மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னேன்: "எனக்கு உம்முடைய ஆறுதல் வேண்டாம். என் பிள்ளையைப் பற்றி யாராவது ஒருத்தரைப் பேச வையும். முடியாவிட்டால் என்னையும் எடுத்துக்கொள்ளும்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் செல்வி நர்ஸ் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பொட்டலம் மல்லிகை. பால் வற்றுவதற்கு மார்பில் பூ வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். திரையை இழுத்துவிட்டுக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏத்தா, பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்த?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "சவரிமுத்து" என்றேன்.

"ஆத்தாடி! இத்துனூண்டு பிள்ளைக்கு இம்புட்டுப் பெரிய பேரா?"

"எங்க அப்பா பேரு."

"அப்பச் சரிதான். நான்தான்டி அவனத் தொடச்சுத் துணியில சுத்துனேன். அப்படியே உன் மூக்கு. தலை நெறைய முடி. வெரலு ஒவ்வொண்ணும் நீளம் நீளமா."

சிரித்தேனா அழுதேனா தெரியாது. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினேன். 'அழாதே' என்று அவர் சொல்லவே இல்லை. நான் ஓயும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உங்க செபம் எனக்குத் தெரியாது. பிள்ளைக்காக நீ சொல்லு, நான் கூட இருக்கேன்" என்றார். பிறகு, "இரு, உன் வீட்டுக்காரரையும் கூட்டியாரேன். மாடிப்படியில உக்காந்து அம்புட்டு அழுகை அழுகுறாரு. உனக்கு முன்னாடிதான் அந்த வேன் கதையெல்லாம்!"

என் கணவர் வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சவரிமுத்து என்று பெயர் சொல்லி, எங்கள் மகனை ஆண்டவர் கையில் ஒப்படைத்தோம். பக்கத்தில் செல்வியக்கா கைகூப்பி நின்றார். அன்று சாயங்காலம் என் கணவர் ரசஞ்சோறு ஊட்டினார். உப்பு இல்லை. ஆனாலும் முழுசாகச் சாப்பிட்டேன்.

ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் நர்ஸ் வேலை என்று நினைப்பவர்கள் செல்வியக்காவை வந்து பார்க்கட்டும்.

பிறகு எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அதுதான் என் செபத்துக்குப் பதில் என்று யாரும் சொல்ல வேண்டாம். பதில் அன்று மத்தியானமே வந்துவிட்டது. இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வார்டுக்குப் போகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பெயரைக் கேட்கிறேன். புத்தி எதுவும் சொல்வதில்லை. கல்லறைத் திருநாளில், "அண்ணனுக்கு நான்தான் மெழுகுதிரி ஏத்துவேன்" என்று என் மகள்கள் சண்டை போடுகிறார்கள். ஏத்துங்கடி, ஆளுக்கு ஒன்று என்கிறேன்.

சகோதர சகோதரிகளே, அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். வாயில் வருகிறபடி, கோபமாகவே கேளுங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரையாவது அனுப்புவார். அவர் அனுப்பும் ஆள் நீங்களாக இருந்தால், தயவுசெய்து வேன் கதை பேசாதீர்கள்.