அக்காவின் மயில்களுக்கு ஒரு புது டிஸ்க்

அக்காவின் மடிக்கணினி திறப்பதற்குள் வீட்டில் ஒரு வேலை முடிந்துவிடும். பொத்தானை அழுத்திவிட்டு மாடிக்குப் போவாள். காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கி வருவாள். திரையில் அப்போதும் சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் இருவரும் எதிரே உட்கார்ந்து அதையே பார்ப்போம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சிங்காநல்லூர் வரை ஈரம் கொண்டுவரும். சன்னல் திரைச்சீலை உள்ளே உப்பி வந்து, மடிக்கணினியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். வட்டம் சுற்றும். பேச்சு தானாக நின்றுவிடும். உறக்கமும் இல்லாத, விழிப்பும் இல்லாத அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்கு டிசைன் போடுபவள். காகிதத்தில் இருக்கும் மயிலையோ மாங்காயையோ தையல் தையலாகக் கணினியில் மாற்றுவாள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த இடத்தில் நூலின் நிறம் மாற வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். இயந்திரம் அதைப் படித்து ரவிக்கையில் தைக்கும். பெருந்துறையிலும் வெள்ளகோவிலிலும் உள்ள பிளவுஸ் கடைகள் அவளிடம்தான் வாங்குகின்றன. அவள் பிழைப்பு முழுவதும் அந்தக் கோப்புகள். கடைகளுக்குப் போவது தைக்க மட்டும் உதவும் நகல்; திருத்தக்கூடிய மூலத்துக்கு வேறு எங்கும் பிரதி கிடையாது. டிசைன் திருட்டு அந்தத் தொழிலில் சாதாரணம் என்பதால் பென் டிரைவில் கூட எடுத்து வைக்க மாட்டாள்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கியபோது ஒரு மயில் பாதியாகத் திறந்தது. கழுத்து இருந்தது, கொண்டை இருந்தது. தோகை இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறம். பெருந்துறைக் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்காகக் கேட்டிருந்த மயில் அது. அக்கா மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் பாதி. கணினிக்குள் ஹார்டு டிஸ்க் நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மணி, மத்ததெல்லாம் போயிருமா?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

புதுக் கணினி வாங்க வழியில்லை. டிசைன் மென்பொருளின் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். எதை வாங்குவது என்று பார்க்கும் வேலை என்னுடையதானது.

என்னைப்போல் நாளிதழ் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குப் பாராட்டுக் கடிதங்கள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. இணையத்தில், வாங்கிய அன்றே எழுதப்பட்ட ஐந்து நட்சத்திர விமர்சனங்களை ஒதுக்கினேன். பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியைத் தவிர அவற்றில் செய்தி இல்லை. இழந்தவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். குழந்தையின் முதல் படங்கள் போனவர், முடிக்கப்போன ஆய்வு போனவர், என்ன போனது என்றுகூடச் சொல்லாமல் 'எல்லாம்' என்று மட்டும் எழுதியவர். காற்று வீசிய அந்த மதியங்களில், முகம் தெரியாதவர்களின் காணாமற்போன பொருள்களுக்கு நடுவே நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அதிலிருந்து சில உண்மைகள் தெளிந்தன. மிக வேகமான வகை அக்காவின் பழைய கணினியில் பொருந்தாது. மிக மலிவான சிலவற்றில், பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் சில்லுகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். சந்தையில் போலிகளும் உண்டு. நடுவில் ஒன்று இருந்தது. பெட்டியில் பெரிய வேகம் எதுவும் சொல்லாதது. எவ்வளவு எழுதும்வரை தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கும், ஐந்து வருட வாரண்டியும் கொடுத்தது. அதைப் பற்றிய குறைகளும் சலிப்பூட்டும் குறைகள்தான். திருகாணி தரவில்லை, பெட்டி நசுங்கி வந்தது. சலிப்பூட்டும் குறைகளே நான் தேடியவை.

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் டிஸ்க்கை எடுத்து வைத்தார். பெட்டியின் முத்திரை பிரியாமல் இருந்தது. பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொன்னேன்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இது எத்தன வருசம் உழைக்குமுங்க?"

"நல்லபடியா வெச்சுக்கிட்டீங்கன்னா உங்க லேப்டாப்பு போனாலும் இது போகாதுங்க."

"போச்சுன்னா?"

"வாரண்டி இருக்குதுங்களே. மாத்திக் குடுத்துருவாங்க."

"டிஸ்க்க மாத்துவீங்க. உள்ள இருக்கற மயில ஆருங்க குடுப்பா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ள பாக்கப் போறவங்ககூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்க, போங்க."

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றாள் அக்கா. கடைக்காரர் பில் போடுவதில் மும்முரமானார்.

பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு வீட்டிலேயே நகலெடுக்க ஒரு இணைப்புக் கேபிளும் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "லேபிளத் தொட்டுப்போடாதக்கா. அதுல இருக்கற நம்பர் அழிஞ்சா வாரண்டி போயிரும்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்தபோது கேபிளை அவளே மாட்டி வைத்திருந்தாள். மறுமுனையைக் கணினியில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கழற்றிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். புது டிஸ்க் இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. உள்ளே பழையது தட்டிக்கொண்டிருந்தது. காலையைவிட இடைவெளி குறைந்திருந்தது.

"டூப்ளிகேட்டா அம்மணி?"

"இருக்காதுக்கா."

"அத்தன படிச்சயே, அதுல ஒருத்தன் கூடச் சொல்லலையா?"

கேபிளை டிஸ்க்கிலிருந்து உருவினேன். சந்தன வாசனை வந்தது. கேபிளின் வாய்க்குள் மஞ்சள். டிஸ்க்கின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிற இணைப்புப் பற்களின்மேல் மஞ்சள், அதன் நடுவில் ஒரு துளி சிவப்பு.

"பொட்டு வெச்சயா?"

"வெக்காம? மிக்சிக்கு வெச்சோம், தையல் மிசினுக்கு வெச்சோம். இதுக்கு மட்டும் வெக்காம உடுவாங்களா?"

"அதுக்கு இங்கயா வெப்பாங்க?"

"நீதான லேபிளத் தொடாதேன்னே. பொறத்தாண்ட வெச்சா நல்லாவா இருக்கும்? இந்தப் பக்கந்தான் தங்கமாட்டம் மின்னுச்சு. மொகம் மாதிரி இருந்துச்சு. அதான் வெச்சுப்போட்டேன்."

நான் எச்சரித்ததும் அவள் கேட்டு நடந்ததும் சேர்ந்தே அந்தப் பொட்டை அங்கே கொண்டு வைத்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

புதிய பல்துலக்கும் தூரிகையில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பற்களையும் கேபிளின் வாயையும் துடைத்தேன். காயும்வரை மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளில் வைத்தோம். அவசரப்பட வழியில்லை. ஈரத்தோடு மின்சாரம் ஏறினால் உண்மையிலேயே போய்விடும். அக்கா தரையில் படுத்தாள். நான் பக்கத்தில் படுத்தேன். திரைச்சீலை எங்கள்மேல் வந்து போனது. தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப முயன்றுவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். உச்சியில் சுற்றும் இறக்கைகளையும் அவற்றுக்குக் கீழே அசையாத அந்தக் கறுத்த டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தபடி கிடந்தோம். அதற்குள் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, தேய்வதற்கு எந்த முள்ளும் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். "அப்பறம் எப்புடி ஓடும்?" என்றாள். "ஓடாதுக்கா. வெச்சிருக்கும். அவ்வளவுதான்."

காய்ந்தபின் செருகியதும் திரையின் மூலையில் அதன் பெயர் வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகும்படி சொல்லி நகலெடுப்பைத் தொடங்கினேன். பச்சைக்கோடு நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, பழைய டிஸ்க் பலமாகத் தட்டியது, மறுபடி நகர்ந்தது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரையில் நீண்டு வெளுத்தது. விளக்கு போடும் நேரத்தில் கோடு மறுகரையைத் தொட்டது.

திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை மாற்றினேன். அக்கா பொத்தானை அழுத்திவிட்டு எழப் போனாள். திரை திறந்துவிட்டது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

முதலில் மயிலைத் திறந்தாள். பாதிதான்.

"காப்பிதானக்கா. அங்க இருந்ததுதான் இங்க வரும்."

"தெரியுது" என்றாள். சிறிது நேரம் அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்தாள். பிறகு தோகையைப் புதிதாகப் போட ஆரம்பித்தாள். அது இரண்டு நாள் பிடித்தது. பெருந்துறைக்கு நேரத்துக்குப் போய்விட்டது.

அனுப்பிய அன்று மாலை மற்றக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வேலைக்காக அல்ல. மாங்காய்கள், கலசங்கள், யானை வரிசை, நாங்கள் பார்த்திராத மணமக்களின் பெயர்கள். ஒவ்வொன்றையும் "இருக்குது" என்று சொல்லி மூடினாள். ஓர் அன்னத்தில் வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இத நானா போட்டேன்?"

"வேற ஆரு?"

"நாபகமே இல்ல." அன்னத்தின் கழுத்தைப் பெரிதாக்கினாள். ஒரு தையலை நகர்த்தினாள், திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "அம்மணி, இதே மாதிரி இன்னொரு டிஸ்க் வாங்கு. எல்லாத்தையும் காப்பி பண்ணி நீ வெச்சுக்க."

அடுத்த கோப்பைத் திறந்தாள்.