அணைய மறுத்த கம்ப்யூட்டர்

தெருவில் எல்லோரும் அவளை டைப்பிங் அக்கா என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கற்ற தட்டச்சை இருபத்திரண்டு வருஷம் அடுப்படியில் ஊறப்போட்டுவிட்டு, மகன் வேலைக்கு வெளியூர் போனபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் மறுபடி விரலை வைத்தவள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்கள் நாலு வருஷமாக அவள் கையால்தான் போகின்றன. ரகசியச் சமாசாரம் என்பதால் வீட்டில் ஒரு தாள்கூட அச்சடிக்க மாட்டாள். பென் டிரைவில் ஏற்றி, தலைமையாசிரியை கையில் நேராகக் கொடுப்பாள்.

கணவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னால் 'மூடிக்கொண்டிருக்கிறேன்' என்று திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைமணி ஆனாலும் அணையாது. அவர் வருவார், சுவர் சுவிட்சைப் பட்டென்று தட்டுவார், போவார். அப்படித் தட்டியதில் போன மாசத் தேர்வு அறிவியல் தாள் ஃபைலே கெட்டு, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்மா," என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். இந்தப் பருவத்துத் தாள்களை நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

ரிப்பேர் கடைக்காரனுக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான்க்கா சரியாவும்."

"தலைவலின்னு வந்தா தலையை வெட்டச் சொல்ற. நல்ல வைத்தியன்டா நீ," என்று போனை வைத்தாள்.

மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் எல்லாத் தாள்களையும் பென் டிரைவில் ஏற்றி எடுத்துவிட்டாள். பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த பாட்டுப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அணைத்துப் பார்த்தாள். வட்டம் சுற்றியது. மகன் ஏற்றி வைத்திருந்த விளையாட்டுகளை நீக்கினாள். வட்டம் சுற்றியது. திறந்தவுடன் தானாக ஓடும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். குழம்பில் உப்பா புளியா என்று பார்க்கிற மாதிரிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றினால்தானே எது கெடுக்கிறதென்று தெரியும்? நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது, திரையின் மூலையில் எறும்பளவு பிரிண்டர் படம்.

அதைத் தட்டினாள். அச்சுக்காகக் காத்திருக்கும் வேலைகள் ஏழு. ஏழும் ஒரே பெயர். இரண்டு மாசத்துக்கு முந்தின தேதி. இது முடியாமல் நான் எப்படி மூடுவேன் என்று கம்ப்யூட்டர் தினமும் மல்லுக்கு நின்றிருக்கிறது.

மேஜைக்கடியில் பிரிண்டரின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. சும்மா இருந்தாலும் கரண்டு இழுக்கும் என்று பிடுங்கிப் போட்டவர் டைம்கீப்பர். செருகினாள். பிரிண்டர் இருமி, தாளை இழுத்தது.

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. என் உடல்நிலை காரணமாக இந்தப் பருவத்தோடு தட்டச்சு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே அவள் பெயர்.

இரண்டாவது, மூன்றாவது என்று ஏழும் வந்து விழுந்தன. பின் அணைத்துப் பார்த்தாள். இருபது எண்ணுவதற்குள் சமர்த்தாக அணைந்தது. சந்தோஷப்படத்தான் தோன்றவில்லை.

சாயந்திரம் அவர் வந்ததும் டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஏழையும் வைத்தாள்.

"என்னது இது?"

"ஏழு தடவை அமுக்கினீங்களே, அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரவே இல்லையேன்னு அமுக்கினேன்."

"எப்படி வரும்? பிளக்கைப் புடுங்கிப் போட்டது நீங்கதானே? என் பேர்ல எழுத மட்டும் மறக்கல."

"உனக்கு முதுகு வலிக்குதுன்னு நீதானே சொன்னே?"

"துணி துவைக்கும்போது சொன்னேன். துவைக்கிறதுலேருந்து விலகிக்கிறேன்னு ஒரு லெட்டர் அடிக்கிறதுதானே?"

"டெப்போல ஒவ்வொருத்தனும் கேக்குறான், 'வீட்டம்மா ஆபீஸ்லேருந்து எத்தனை மணிக்கு வருவாங்க'ன்னு. சோறு லேட்டாகுதுன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன், அதுலேருந்து சிரிக்கிறானுங்க." டீயை எடுத்தார். "அதான் குடுக்கலியே. அத்தோட விட்டுட்டேன். எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே?"

கொடுக்கவில்லைதான். பேப்பரே வரவில்லையே, எதைக் கொடுப்பார்? கடிதம் போய்ச் சேரவில்லை என்ற நினைப்பில்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் தலைமையாசிரியை பென் டிரைவைச் செருகி, தாள்களைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. கடைசி வேலையைக்கூட எவ்வளவு சுத்தமா முடிச்சிருக்கீங்க."

"கடைசியா?"

"உங்க வீட்டுக்காரர் போன மாசமே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரே? உங்களால உக்காரவே முடியலன்னு. அடுத்த பருவத்துக்கு வேற பொண்ணு கிட்ட சொல்லியாச்சு."

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். நான் சொல்லவும் இல்ல, சொல்லச் சொல்லவும் இல்ல. அடுத்த பருவமும் நானே அடிக்கிறேன்."

தலைமையாசிரியை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணுக்கு வாக்கு குடுத்துட்டேனே. அந்த மனுஷன் எவ்வளவு அக்கறையா பேசினார் தெரியுமா? கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு. நீங்க குடுத்து வெச்சவங்க."

டைப்பிங் அக்கா பென் டிரைவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆமாம் மேடம். ரொம்பத்தான் குடுத்து வெச்சேன்," என்றாள். "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு மட்டும் கேட்டு வெச்சுக்குங்க."