பத்து அங்குலம்

ஹஸ்லிண்டா அறையை அளப்பதற்கு முன் துணியை அளப்பாள். ஜொகூர் பாருவில் அலமாரி வரைந்து கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். உள்ளதையெல்லாம் கட்டில்மேல் எடுத்துப் போடச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

ரொகாயா டீச்சர் வீட்டில் அதற்கே அரைநாள் ஆயிற்று. முப்பது வருடத்துப் பாஜு குரோங் உடைகள், பெருநாளுக்கு ஒரு நிறமாக, பெட்டிகளில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஓய்வு பெற்றதும் டீச்சர் ஆசைப்பட்டது ஒன்றுதான்: படுக்கையறைக்குள்ளேயே, நடந்து போய் எடுத்து உடுத்தும்படி ஓர் அலமாரி.

"தைக்க வந்தியா, அலமாரி போட வந்தியா?" என்றார் அவர் கணவர் சம்சூரி.

"தைச்சவங்க நல்லாத்தான் தைச்சிருக்காங்கண்ணே. வச்சவங்கதான் சரியில்ல."

இரு பக்கமும் இரண்டடி ஆழத்தில் அலமாரிப் பெட்டிகள், நடுவே மூன்றடி வழி, கோடியில் ஆளுயரக் கண்ணாடி. வரைபடத்தை டீச்சர் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

பெட்டிகள் வந்திறங்கிய அன்று, தச்சர் ஆ ஹோக் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நண்பகல் லொஹோர் தொழுகை வேளை வந்தது. சம்சூரி நொண்டிக்கொண்டே வந்து, அலமாரி வழி வரவிருந்த காலி இடத்தில் தொழுகை விரிப்பைப் போட்டார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவருக்குப் பள்ளிவாசல் இதுதான். விரிப்பு சுவருக்குச் சாய்வாகக் கிடந்தது. வீடு கட்டியவன் தொழும் திசையான கிப்லா பார்த்துச் சுவர் எழுப்பவில்லை. அவர் தொழுது முடித்ததும் ஹஸ்லிண்டா அளந்தாள். சாய்வோடு சேர்த்து நாற்பத்தோரு அங்குலம். வழியோ முப்பத்தாறுதான்; விரிப்பு அடங்காது. அதோடு, தொழும்போது கவனம் கலைக்க அவர் முகத்துக்கு நேரே கண்ணாடி வேறு.

தான் கூடத்தில் தொழுதுகொள்வதாகச் சம்சூரி சொன்னார்.

"அங்க பேரப்பிள்ளைங்க போடுற சத்தத்துல உங்களுக்கு எத்தனாவது ரக்அத்துனே தெரியாது," என்றார் டீச்சர். "எனக்கு அலமாரி வேணாம் லிண்டா. ஏத்திக்கிட்டுப் போயிரு." சொன்னாரே தவிர, பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தினம் அஞ்சு வேளை நானும்தான்க்கா விரிக்கிறேன். கேக்கத் தோணலையே. தப்பு என்னுது."

தரையில் உட்கார்ந்து துணிக் கணக்கு நோட்டைத் திறந்தாள். தொங்கும் துணிக்குத்தான் இரண்டடி ஆழம் வேண்டும். தலையில் கட்டும் துடோங்கு மடிப்புக்கும் சாரோங்குக்கும் பதினான்கு அங்குலம் போதும். தொங்குவது அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் என்று நோட்டு சொன்னது. மறுபக்கப் பெட்டிகளில் பத்து அங்குலத்தை அறுத்தெடுத்தால் கதவுகளை மாற்றவே வேண்டாம். கண்ணாடி ஒரு கதவின் உட்புறத்துக்குப் போகும்.

அறுத்ததையே மறுபடி அறுக்கச் சொல்கிற முதல் ஆள் இவள்தான் என்று ஆ ஹோக் முனகினார். முனகிக்கொண்டே அறுத்தார்.

நான்காம் நாள், இரு பக்கப் பெட்டிகளுக்கு நடுவே சம்சூரி தொழுதார். எழும்போது கை தானாகவே அலமாரித் தட்டின் விளிம்பைப் பிடித்தது. முன்பெல்லாம் தரையில் கையூன்றி, இரண்டு முறை முயன்றுதான் எழுவார்.

"இதையும் அளந்தியா?"

"இல்லண்ணே," என்றாள் ஹஸ்லிண்டா. "அது தானா அமைஞ்சது."