மாடி அறையில் வேலை பார்ப்பது யார்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மாடி அறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது காலி நாற்காலி. அதற்கு எதிரே இருந்த திரையில் ஒரு படிக்கட்டு வளர்ந்துகொண்டிருந்தது. அம்புக்குறி இடமும் வலமுமாக நகர்ந்து ஒரு படியை வைத்தது, சற்று நின்றது, பிறகு அந்தப் படியை அழித்துவிட்டுக் கொஞ்சம் அகலமான ஒன்றை வைத்தது. ஏசி ஓடும் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. எடுக்கப் போன அகராதியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

கீழே சமையலறையில் என் மகள் இடது கையால் மூன்று வயதுப் பேத்திக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை, மேடையில் இருந்த பழைய லேப்டாப்பின் மவுஸ் மீது இருந்தது. மேலே படிக்கட்டைக் கட்டியது அந்தக் கை.

இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குள் நடந்துபோவது போலப் படம் செய்து தருவது அவள் வேலை. நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. மருமகன் சரக்குக் கப்பலில் இருக்கிறார். பெங்களூர்க் குளிரில் குழந்தைக்கு மூச்சு இளைப்பு அதிகமானதால், மகள் அவளைத் தூக்கிக்கொண்டு கடலோர ஊரில், மில்லர்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யட்டும், சரியாக வந்தால் தொடரலாம் என்று நிறுவனம் சொன்னது. சரியாக வராவிட்டால் ஒன்று குழந்தையோடு அந்தக் குளிருக்குத் திரும்ப வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

இந்த வேலைக்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் போதாது. பெரிதாக ஒன்று வாங்கினாள். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு முன் என்னிடம் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் உப்புக் காற்றில் போனவை. பழுது பார்த்தவர் உள்ளே இருந்த பலகையைக் கழற்றிக் காட்டியபோது, பாசி படிந்தது மாதிரி பச்சை பிடித்திருந்தது. ஆகவே புதியதை மாடியில், ஜன்னலை அடைத்த ஏசி அறையில் வைத்தோம். ஆனால் அந்த அறையில் அரை மணி நேரம் இருந்தால் குழந்தைக்கு இளைப்பு தொடங்கிவிடும். இயந்திரத்துக்குக் குளிர் வேண்டும், குழந்தைக்குக் குளிர் ஆகாது. இரண்டையும் ஒரே அறையில் வைக்க முடியாது. மகளோ இரண்டின் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏசி குழாய் போகும் துளை வழியாக ஒரு கேபிளைக் கீழே இறக்கி, கூடத்தில் ஒரு வைஃபை பெட்டி மாட்டினார். மேலே இருக்கும் திரை அப்படியே கீழே லேப்டாப்பில் தெரிந்தது. கீழே அசைந்த கை மேலே வேலை செய்தது. அதன் பிறகு மகள் குழந்தை போகும் இடமெல்லாம் வேலையைக் கூட்டிக்கொண்டு போனாள். சமையலறை, கூடம், படுக்கையறையில் குழந்தைக்கு மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசருக்குப் பக்கம்.

மாடி இயந்திரத்துக்குள் நுழைய எனக்கும் ஒரு கடவுச்சொல் கிடைத்தது. நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன். பழைய கட்டுரைகளை அதில் சேர்த்து வைக்கிறேன். ஒரு நாள் சொல்லாமல் என் அறையிலிருந்து உள்ளே நுழைந்தேன். அம்புக்குறி நான் இழுத்த பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் ஓடியது. நான் விடவில்லை. சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

“அப்பா! கைய எடுங்க. தூண் சாயுது!”

அதன் பிறகு, நுழைவதற்கு முன் குரல் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். கதவில்லாத இடத்தில் தட்டிவிட்டு நுழைகிற பழக்கம்.

செய்தியின் தலையில் ஊர்ப்பெயர் போடுவது எங்கள் வழக்கம். செய்தியாளர் எங்கே நின்று பார்த்தாரோ அந்த ஊர். மகளின் வேலைக்கு எந்த இடத்தைப் போடுவது என்று சில நாள் யோசித்தேன். கண்ணும் கையும் சமையலறையில், வேலை மாடியில், கட்டடம் எங்கும் இல்லை.

இந்தக் கேள்வி என்னைவிட என் அண்ணனை அதிகம் தொந்தரவு செய்தது. எங்களோடு முன்னறையில் இருப்பவர். அனல்மின் நிலையத்தில் கரி வந்து இறங்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவரால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. மகளிடம் ஒரு நாள் விசாரித்தார்.

“மேல யாருளா வேலை பாக்கா?”

“நாந்தான் பெரியப்பா.”

“நீ இங்கனல்லா இருக்க?”

“கை இங்க இருக்கு. வேலை அங்க நடக்குது.”

“அப்ப மேல ஆளு இல்ல.”

“இல்ல.”

“ஆளில்லாத எடத்துல ஏசி எதுக்கு?”

“மிஷினுக்கு.”

“அதுக்கு வேர்க்குமோ?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

“வேர்க்கும் பெரியப்பா.”

சிரிப்பு நின்றது. நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மாதத்தின் கடைசி வேலை ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நுழைந்து, படியேறி, மேடை வரை நடக்கும் படம். வரைந்து முடித்தாயிற்று. அதை ஓடும் படமாக மாற்றும் வேலையை இயந்திரம் தனியாகச் செய்ய வேண்டும். ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். செவ்வாய் மாலை தொடங்கிவிட்டாள். வியாழன் மாலைக்குள் அனுப்ப வேண்டும். புதன்கிழமை குழந்தைக்கு இளைப்பு வந்தது. மகள் படுக்கையறையில் அவளை மடியில் வைத்து, முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லேப்டாப். திரையின் அடியில் ஒரு நீலக் கோடு நகர்வது தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

நண்பகலுக்குச் சற்று முன் திரை உறைந்தது. கேபிளாக இருக்கும் என்றாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்த அண்ணன் அப்போதுதான் இறங்கி வந்தார்.

“ஏலே, மேல ஈ காக்கா இல்ல. ஏசி பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்கு. எல்லாத்தையும் அமத்திட்டேன். மிஷினுக்கு மாட்டுன பேட்டரிப் பெட்டி கூவிச்சு, அதையும் அமத்துனேன்” என்றார் என்னிடம்.

மகள் எழுந்திருக்கவில்லை. மருந்து இன்னும் தீரவில்லை.

“பெரியப்பா, அது நாளைக்கு நான் குடுக்க வேண்டிய வேலை.”

“எது?”

“நீங்க அமத்துனது.”

“நான் ரூமத்தான அமத்துனேன்” என்றார்.

இயந்திரத்தை மறுபடி போட்டுப் பார்த்தபோது, பாதியில் நின்ற படம் திறக்கவில்லை. முதலிலிருந்து ஓட்ட வேண்டும், வியாழனுக்குள் முடியாது. அவகாசம் கேட்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். என் மனைவி வழி சொன்னாள்.

“கரண்ட் போயிட்டுன்னு எழுதிப் போடேன்ளா. அவன் இங்கன வந்தா பாக்கப் போறான்?”

அண்ணன் நிமிர்ந்தார். “அது எப்படி? நேத்துல இருந்து ஒரு நிமிஷம் கரண்ட் போகல. போகாத கரண்ட போச்சுன்னா, நாங்க என்னத்துக்கு அந்தக் கரிக்குள்ள கெடந்தோம்?”

“செய்றதையும் செஞ்சிட்டு நியாயம் வேறயா அத்தான்?”

“செஞ்சது நானு. கரண்ட் என்ன செஞ்சுது?”

சிறிய ஊர், மின்சாரத்தை நம்ப முடியாது என்பதுதான் தொடக்கத்திலேயே நிறுவனம் சொன்ன சந்தேகம். மனைவி சொன்ன பொய் அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கிவிடும். நடந்ததை எழுதினால், வீட்டில் வேலை செய்தால் இப்படித்தான் என்று ஆகிவிடும். மகள் என்னைப் பார்த்தாள். நடந்ததை எழுது, சுருக்கமாக எழுது என்றேன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதிக் காட்டினாள். அறையில் யாரும் இல்லாததால் பெரியப்பா தவறுதலாக அணைத்துவிட்டார் என்று இருந்தது. ‘தவறுதலாக’ என்பதை எடுக்கச் சொன்னேன். அவர் யோசித்துத்தான் அணைத்தார். எடுத்துவிட்டு அனுப்பினாள்.

வெள்ளி மாலை வரை தருகிறோம் என்று ஒரு வரி வந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. இயந்திரத்தை மறுபடி ஓட விட்டாள்.

வியாழன் காலை மாடிக்குப் போனேன். அந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காதை மூடித் துண்டு கட்டி, போர்வை போர்த்தி, மடியில் பேப்பர்.

“என்ன அண்ணே, இங்க?”

“ஆளு இருந்தா ஏசி ஓடலாம்லாலே.”

காப்பியை மேலேயே வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கு இறங்கும்போது என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்கினார். இயந்திரத்துக்கு எங்கள் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இருந்தும் அந்த அரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. திரையில் மண்டபம் துண்டு துண்டாக வெளிச்சமாகிக்கொண்டிருந்தது. கீழே மகள் பார்ப்பதும் இதையேதான். அவள் அங்கிருந்து பார்க்கும்போது இந்த அறை காலியாக இருந்ததா என்று நேற்று வரை யாராவது கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உட்கார்ந்து பார்த்த பிறகு, அண்ணன் கேட்டதிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. அவள் இங்கே இருந்தாள் என்றால், அவர் கதவைத் திறந்தபோது அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணன் திரும்பி வந்ததும் திரையைக் காட்டினார்.

“தூணு ரொம்ப வச்சிருக்கா. பந்தியில எல போட எடம் பத்தாது. போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். இரண்டு நாளில் முதல் தடவையாக மகள் சிரித்தாள். “தூண் நான் வச்சதில்ல. இன்ஜினியர் வச்சது. பெரியப்பாவ அவர்ட்ட சண்டைக்குப் போகச் சொல்லுங்க.”

வெள்ளி மதியம் படம் முடிந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் மகளே மாடிக்குப் போய், அண்ணன் எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. மார்ச் மாத இறுதி வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று இருந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.