மூன்றாவது கம்பத்துச் சத்தம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை, உடன் வேலை பார்ப்பவர்கள் ‘பாம்புக்காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பதினாலு மாடிக் கட்டடத்தின் அடிக்குழிக்குள் நின்றபடியே, “மேல ரெண்டாவது கப்பி வறண்டு கிடக்குது” என்பான். ஏறிப் பார்த்தால் சொட்டுக் கிரீஸ் இருக்காது. பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தின் பாஷை அவனுக்கு அரைகுறைதான். இரும்பு பேசினால் மட்டும் ஒரு எழுத்து விடாமல் புரியும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் மனைவியைக் கூட்டி வர முடிந்தது. ஏழாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசிப் பெட்டிகள். வாரத்தில் ஆறு நாள் அவள் அந்தப் பெட்டிகளோடுதான் குடித்தனம் நடத்தினாள். ஏழாவது நாள் ஊர்சுற்றல். ரயில் நிலையத்தில் சும்மா கொடுத்த வரைபடத்தில், பார்த்து முடித்த இடத்துக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைப்பாள். பூங்கா, மியூசியம், மிருகக்காட்சி சாலை என்று பொட்டு ஏறிக்கொண்டே போனது.

பாம்புக்காதோடு ஊர் சுற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. “படகுல ஏறினா எல்லாரும் தண்ணியப் பாப்பாங்க. இன்ஜின் ரூம் கதவுல காதை வெச்சுட்டு நிக்கிற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்” என்று படகிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

ரோப் கார் போன அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆற்றங்கரையிலிருந்து குன்றின் உச்சிக்கு ஐந்து பெரிய இரும்புக் கம்பங்கள். அவற்றின் மேல் ஓடும் கம்பிக் கயிற்றில் கண்ணாடிக் கூண்டுகள். அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தங்கைக்கு அனுப்ப வீடியோ எடுத்தாள். கூண்டு மூன்றாவது கம்பத்தைத் தாண்டும்போது கடகடவென்ற சத்தத்துக்கு நடுவே ஒரு நீளமான கீச்சொலி. அவன் சட்டென்று அண்ணாந்து பார்த்தான். கயிற்றைத் தாங்கும் எட்டுச் சக்கரங்கள் வரிசையாக இருந்தன. ஏழு சுழன்றன. ஆறாவது அசையவில்லை. கயிறு அதன் மேல் தேய்த்துக்கொண்டே போனது. கீழே இரும்புத் தட்டில் கறுப்புப் பொடி படிந்திருந்தது.



உச்சியில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்ட மஞ்சள் சட்டைக்காரனிடம், தெரிந்த பாஷையிலும் தெரியாததைக் கைகளாலும் சொன்னான். மூன்று விரலைக் காட்டினான், ஆறு விரலைக் காட்டினான், சக்கரம் நின்றதை நடித்துக் காட்டினான். அந்த ஆள் சிரிக்கவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டான்.

“நடந்து இறங்கலாம்.”

“ரிட்டன் டிக்கெட் எடுத்திருக்கோமே!”

“நடந்தே போலாம், வா.”

ஆயிரத்துச் சொச்சம் படிகள். பாதியில் அவள் செருப்பு வார் அறுந்தது. மீதிப் படிகளைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் நம் பாஷை பேசுகிறவர். இருபது வருஷமாக அங்கே இருப்பவர்.

“அது நம்ம கம்பெனி வேலையா? இல்ல. உன்னை எவனாவது கேட்டானா? இல்ல. அப்புறம் என்னடா? வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு என்கிட்ட வந்து அழாத.”

“அண்ணே, ஜனங்க ஏறுறாங்கண்ணே.”

“நீ ஏறாத. அவ்வளவுதான்.”

ரோப் கார் ஆபீசுக்கு எழுதிப் போட்டான். நன்றி தெரிவித்து, மீண்டும் வருக என்று பதில் வந்தது. அதற்கப்புறம் மூன்று விடுமுறைகளும் மூன்றாவது கம்பத்தடியில் கழிந்தன. அவன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று செல்போனில் படம் பிடித்தான். அவள் சற்றுத் தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் ஐந்தாவது சக்கரமும் நின்றிருந்தது. பொடி இப்போது கம்பத்தடிப் புல்லின் மேலும் விழுந்திருந்தது. தலைக்கு மேலே குழந்தைகள் கூண்டுக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

“பேசாம அந்தக் கம்பத்துக்கே என்னைக் கட்டிக் குடுத்திருக்கலாம்” என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை, இருவருக்கும்.

அடுத்த வாரம் நடுவில் ஒருநாள், பகல் பதினோரு மணி. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டிருந்தான். மனைவியிடமிருந்து போன்.

“எங்க இருக்கேன் சொல்லுங்க பாக்கலாம்?” குரலில் குறும்பு இருந்தது. “எதிர் வீட்டு நர்சக்காவுக்கு இன்னிக்கு லீவு. ரெண்டு பேரும் ரோப் கார்ல போய்க்கிட்டு இருக்கோம். திட்டாதீங்க. ரெண்டாவது கம்பம் தாண்டியாச்சு, ஒண்ணுமே ஆகல. சும்மா பயந்து சாவறீங்க நீங்க.”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

“நான் சொல்றதைக் கேளு. ரெண்டு பேரும் கீழ உக்காருங்க. நடுவுல இருக்கற கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க.”

“என்னங்க, இப்படிப் பயமுறுத்து—”

“உக்காருடி!”

அவன் அவளை ‘டி’ போட்டதே இல்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்பது துணி சரசரத்ததில் தெரிந்தது. அடுத்தாற்போல் அந்தக் கீச்சொலி, போன் வழியாக. பிறகு பெரிய கதவை அறைந்து சாத்தியது போல ஒரு அடி. அதற்குமேல் நர்சக்காவின் அலறலும் காற்றும் மட்டும்தான்.

“இந்தா... இருக்கியா? பேசு. பேசும்மா.”

வெகுநேரம் கழித்துத்தான் அவள் குரல் வந்தது. “தொங்கறோம்ங்க. சாஞ்சு தொங்கறோம்.”

கயிறு சக்கரத்தை விட்டு நழுவி, நழுவினால் தாங்குவதற்கென்று பக்கத்திலிருந்த கொக்கியில் விழுந்து, மொத்த வரிசையும் நின்றுபோயிருந்தது. கிரீஸ் கையோடு அவன் ஆற்றங்கரைக்கு ஓடியபோது பத்துப் பன்னிரண்டு கூண்டுகள் ஆகாயத்தில் அப்படியே நின்றன. ஒன்று மட்டும் தலை சாய்ந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிற்றிலேயே தவழ்ந்து போய் ஒவ்வொருவராக இறக்கினார்கள். நாலு மணி நேரம். அவன் காது அந்தக் கொக்கியை விட்டு நகரவேயில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் அது முனகியது.

நர்சக்காவுக்குக் கை முறிந்திருந்தது. இவளுக்கு நெற்றியில் மூன்று தையல். உயிர்ச்சேதம் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மஞ்சள் சட்டைக்காரன் வந்து நின்றான், சட்டை மாற்றி. இவனுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகப் பேசினான். நீ சொன்ன அன்றைக்கே பதிவு நோட்டில் எழுதினேன். இன்று மத்தியானம் பார்த்தால் அந்தத் தாளைக் காணோம். என்னைப் பற்றி யாரிடமும் சொல்லிவிடாதே. இவ்வளவையும் சொல்லும்போது இரண்டு தரம் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

நாலாம் நாள் விபத்து விசாரணை அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டோடு, தனியாக வரவேண்டும் என்றிருந்தது. படம் பிடித்தது உதவும் என்ற தைரியத்தில் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவன் வீடியோவை அவர்கள் ஓட்டவில்லை. ரோப் கார் கேமராவில் பதிவான படத்தை ஓட்டினார்கள். அதில் மூன்று வாரமும் கம்பத்தடியில் ஒரு ஆள் நிற்கிறான், அண்ணாந்து பார்க்கிறான், குனிந்து புல்லிலிருந்து எதையோ எடுக்கிறான்.

யார் அது என்று கேட்டார்கள்.

“நான்தான்.”

அங்கே உனக்கு என்ன வேலை? சக்கரத்தை என்ன செய்தாய்?

சத்தம் கேட்டது என்றான். அந்த அறையில் சொல்லிப் பார்த்தபோது அவன் காதுக்கே அது பொய்யாகப் பட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார்கள்.

பத்தொன்பது நாள். ஃபோர்மேன் அவனைக் கட்டடங்களுக்கு அனுப்பாமல் ஸ்டோரில் பெட்டி அடுக்கவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் சாப்பிடும்போது தள்ளி உட்கார்ந்தார்கள். கதவு தட்டப்படும்போதெல்லாம் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள். “நான் மட்டும் அன்னிக்கு ஏறாம இருந்திருந்தா...” என்று ஒருநாள் ஆரம்பித்தாள்.

“வேற யாராவது ஏறியிருப்பாங்க” என்றான் அவன்.

இருபதாம் நாள் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. வெளியே வரும்போது ஒரு குமாஸ்தாதான் முணுமுணுத்தான்: அந்த மஞ்சள் சட்டைக்காரன் தானாகவே வந்து சாட்சி சொன்னானாம். கிழிபடுவதற்கு முன்பே அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தானாம். ரோப் கார் ஆபீசின் பெரிய அதிகாரி ஒருவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மஞ்சள் சட்டைக்காரனுக்கும் வேலை போய்விட்டது.

அடுத்த விடுமுறையில் அவளே கிளம்பினாள். “அவர் வீட்டுக்குப் போலாம்ங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்.” குமாஸ்தாவிடம் விலாசம் வாங்கி, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஊரின் அந்தப் பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. மூன்றாவது மாடியில் கதவைத் தட்டியதும் சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. ஒரு பெண், இடுப்பில் குழந்தை. இவர்கள் யாரென்று சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

அவர் இல்லை என்றாள். நேற்றும் இப்படித்தான் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், அவர்களிடமும் இல்லையென்றுதான் சொன்னேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தயவுசெய்து இனிமேல் வராதீர்கள்” என்றாள். அவள் தோளுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து ஒரு ஆணின் கை நீண்டு குழந்தையை வாங்கிக்கொண்டது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

கொண்டுபோயிருந்த பழப்பையை வாசலிலேயே வைத்துவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். பஸ் வரும்வரை அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.