சாத்திய கதவுக்கு வெளியே

மூன்று வருடத்துக்கு முன், தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் மாடி வகுப்பறை. உள்ளே இருந்தவர்கள்: வரலாற்றுப் பேராசிரியர். எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர். கடைசி பெஞ்சில், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். வெளியே, சாத்திய கதவுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் நான். அந்தத் துறைக்கு நான் பியூன். எட்டாவது வரை படித்தவன்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்புக்குள் போகும்முன் செல்போனை என் கையில் கொடுத்துவிடுவார். கதவை நான் சாத்த வேண்டும். மணி அடிக்கும் வரை யாரையும் விடக் கூடாது. முதல்வரே வந்தாலும் சரி. பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

"அண்ணே, நீங்க பியூனா, பேங்க் வாட்ச்மேனா? உள்ள ஒண்ணும் நகை இல்லண்ணே, நாங்கதான் இருக்கோம்."

காரணம் எனக்கு மட்டும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். சார் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். விட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இருபத்தெட்டு வருஷமா பாடம் நடத்துறேன்பா. இன்னும் உள்ள போறப்ப கை நடுங்குது. தைரியம் வரவே பத்து நிமிஷம் ஆவுது. கதவு தொறந்தா அது ஓடிடுது."

"பெரிய பெரிய புக்கெல்லாம் எழுதியிருக்கீங்களே சார்?"

"எழுதறப்ப யாரும் பாக்கலியே."

அன்றிலிருந்து அந்தக் கதவு என் பொறுப்பு. வகுப்பு நடக்கும்போது வராந்தாவில் யாராவது சத்தமாகப் பேசினால்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

அந்தத் தை மாதம் சாரின் மனைவி டவுனில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். இருதய நோய். ஒரு வாரம் ஆகியிருந்தது. தேறி வருகிறார் என்றுதான் சொன்னார்கள். பகலில் அவருடைய தங்கை கூட இருப்பார். சார் தினமும் வகுப்பு முடித்து மாலையில் போவார்.

செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தத் தங்கைதான்.

"சார் கிளாஸ்ல இருக்காரும்மா" என்றேன்.

"அக்காவுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க. மாமாவ வரச் சொல்லுங்க."

"கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்மா. உடனே அனுப்பறேன்."

எழுந்து கதவில் கை வைத்தேன். உள்ளே சாரின் குரல் கேட்டது. அன்று நல்ல குரல். ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். அவர் வகுப்பில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன். ஒரு மாதிரியாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார முடியவில்லை. மறுபடி கை வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

மணி அடித்தது. சார் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, போனுக்குக் கையை நீட்டினார். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்பப்பா போன் வந்துது?"

"இப்பத்தான் சார். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். முத்தியால்பேட்டையில் நெரிசல். சாரின் ஒரு கை என் தோளில் இருந்தது.

நாங்கள் போனபோது அந்த அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். உயிர் போய்ப் பத்து நிமிடம் ஆயிற்று என்றார் நர்ஸ்.

தங்கை அழுதுகொண்டே கேட்டார். "எங்க மாமா போனீங்க? அப்பவே போன் பண்ணேனே. உங்களத்தான் கேட்டுட்டு இருந்தாங்க. இவருகிட்டதான சொன்னேன்!"

நான் வாயைத் திறந்தேன். சார் முந்திக்கொண்டார்.

"அவர ஒண்ணும் சொல்லாதம்மா. யாரையும் உள்ள உடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஒருநாள் அவர் அறையில் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி தானாகப் பேசினார்.

"இந்த வேலையில எல்லாமே அப்புறம்தான்பா. இந்த செமஸ்டர் முடியட்டும், அந்தப் பொண்ணு தீசிஸ் குடுக்கட்டும். பாரீஸ்ல இருக்கற அவ அண்ணனப் பாத்துட்டு வரலாம்னு வீட்ல கேட்டா. லீவு வரட்டும்னேன். எத்தன லீவு வந்துது! எரநூறு வருஷத்துக்கு முந்தி கப்பல் எந்தத் தேதியில வந்துதுன்னு கேளு, சொல்லுவேன். அவ கடைசியா எப்பக் கேட்டான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

இப்போது சார் கதவைத் திறந்து வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். போன் மேசைமேல் இருக்கிறது. வராந்தாவில் யார் போனாலும் பேச்சு நின்றுவிடுகிறது. தேடித் தேடி மறுபடி ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். என்னால்தான் கேட்க முடியவில்லை. ஸ்டூலைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அழைப்பு வந்த நேரம் போனிலேயே இருந்திருக்கும். சார் பார்த்திருப்பார். ஆனால் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அவரிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. உண்மையையாவது இங்கே சொல்லிவிடுகிறேன். போன் வந்ததிலிருந்து மணி அடிக்கும் வரை, இருபத்தாறு நிமிடம்.