பதினாறாம் நம்பர் அட்டை

அணியில் அவளுக்கு வைத்த பேர் பெஞ்சக்கா. சும்மா வைக்கவில்லை. நாட்டின் பெண்கள் வாலிபால் அணியில் ஆறு வருஷமாக இருக்கிறாள். முதுகில் பதினாறு என்று நம்பர் உண்டு, குரூப் போட்டோ உண்டு. மேட்ச்சில் ஒரு பந்தைத் தொட்டது மட்டும் கிடையாது. சின்னப் பெண்கள் கேலி செய்தால் அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்ய? அழுதால் மட்டும் களத்தில் இறக்கிவிடப் போகிறார்களா?

இந்தத் தடவை அந்தச் சிரிப்பும் வரவில்லை. குடிநீர் அலுவலகத்தின் புகார் கவுண்டரில் அவளுக்கு ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரமாக்கலாம் என்று ஃபைலைத் தூக்கிய அதிகாரியே, பிறகு அதைக் கீழே வைத்தார். அணியில் பேர் இருந்தால் போதாதாம். வெளிநாட்டு அணியோடு களத்தில் இறங்கியதாக ஸ்கோர் ஷீட்டில் பதிவு வேண்டுமாம். ஒரே ஒரு பந்துக்கு இறங்கினாலும் சரி, ஆனால் இறங்கணும். அவளுக்கோ வயசு வரம்பு இந்த மாசத்தோடு முடிகிறது. அடுத்த மாசம் தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். புருஷன்காரன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போனவன். பத்து வயசு மகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

எட்டு நாடுகள் ஆடிய வட்டாரப் போட்டி அது. நாலு மேட்ச் அவளில்லாமலே முடிந்துபோனது. மிச்சம் மூன்றாம் இடத்துக்கான மேட்ச் ஒன்றுதான். அன்று காலை சாப்பாட்டு அறையில், வெட்கத்தை விட்டுக் கோச்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, சரியான பயந்தாங்கொள்ளி. ஜெயிக்கிற ஆறு பேரைக் கலைத்தால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கு ஒரு நடுக்கம். நல்ல லீட் வந்தால் இறக்குவதாகத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் இரண்டு செட்டும் நம் பக்கம். மூன்றாவதில் பதினைந்துக்கு ஒன்பது வந்ததுமே அவள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டாள். இருபதுக்குப் பதிமூன்று. மனுஷன் திரும்பினால்தானே! இருபத்துநாலுக்குப் பதினேழு ஆனது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் மேட்ச்சே முடிந்துவிடும். அப்போதுதான் அவருக்குப் புத்தி வந்தது.

"போம்மா, நாலாம் நம்பரை வெளியே எடு" என்றார்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே போகிறவள் கையில் ஒரு அட்டையோடு போய்க் கோட்டோரம் நிற்கணும். அட்டையில் இருக்க வேண்டியது வெளியே வரப்போகிறவளின் நம்பர். இது பெஞ்சக்காவுக்குத் தெரியாதா? அட்டைப் பெட்டியே அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஆறு வருஷமாக மற்றவர்களுக்குச் சரியான அட்டையை எடுத்து நீட்டியவள் அவள்தான், ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தனக்கென்று வந்தபோது கை தானாகப் பதினாறை எடுத்தது. எடுத்ததுமில்லாமல், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாவி மகள்!

கோட்டோரம் நின்ற நடுவரம்மா அட்டையைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள். உள்ளே பதினாறு எங்கே இருக்கிறது? முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். பெஞ்சக்காவுக்கு உறைத்து, அலறிப்புடைத்துப் பெட்டிக்கு ஓடி நாலை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தயாராக வராத ஆளுக்கு அனுமதி இல்லை. அடுத்த பந்து முடிகிறவரை திரும்பக் கேட்கவும் முடியாது.

அப்போது அவள் வேண்டிக்கொண்டது வெளியே சொல்லக்கூடியது இல்லை. கடவுளே, இந்த ஒரு பாயிண்ட் அவங்களுக்குப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு. பதினெட்டு ஆனால் நான் உள்ளே போயிடுவேன். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர் அணிக்காக வேண்டினாள். யாராவது அவளைத் திட்டுவதானால் முதலில் அந்தக் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்து திட்டட்டும்.

கடவுள் பாதி கேட்டார். எதிராளி அடித்த பந்து காலியிடத்தைப் பார்த்து இறங்கியது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த குட்டைப் பெண், எங்கிருந்துதான் வந்தாளோ, வயிறு தரையில் தேயப் பாய்ந்து ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிட்டாள். அடுத்த அடி எதிர்ப்பக்கம் விழுந்தது. மேட்ச் முடிந்தது.

எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெஞ்சக்காவையும் நடுவில் இழுத்துப் போட்டார்கள். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். விலகி ஸ்கோர் மேசைக்குப் போய், என் பதிவு ஏதாவது இருக்கா என்று கேட்டாள். எழுதுகிறவர் மரியாதையாக ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். மாற்று ஆட்டக்காரர் கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக அணியின் பேரில் ஒரு எச்சரிக்கை குறித்திருந்தது. ஆறு வருஷத்தில் ஸ்கோர் ஷீட்டில் அவள் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

பதக்க மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெரியம்மா வீட்டிலிருந்து மகள்.

"அம்மா, உன்னை டிவியில காட்டினாங்கம்மா. உன் நம்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினியே, நாங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம். இனிமே உன்னை வேலையை விட்டு எடுக்க மாட்டாங்கல்ல?"

 ஒரு பொய் சொன்னால் என்ன என்று பெஞ்சக்காவுக்குத் தோன்றியது. மாசக் கடைசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அது என் நம்பர்டி கண்ணு" என்றாள். "அதைத் தூக்கினதாலதான் என்னை உள்ளே விடல."